ஹேண்டில்பாரில் பொருத்தும் பவர் மீட்டரை எந்த அளவுக்கு நம்பலாம்?

மேற்குமலை:

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். வார நாட்களில் விடியற்காலையில் நகரத்தைச் சுற்றி ஒரு மணி நேரமும், ஞாயிற்றுக்கிழமைகளில் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற்றத்திலும் சைக்கிள் ஓட்டுவது வழக்கம். இதுவரை இதயத்துடிப்பை மட்டும் பார்த்தே பயிற்சி செய்து வந்தேன். இனி பவர் மீட்டர், அதாவது மிதிக்கும் சக்தியை வாட்டில் காட்டும் கருவி ஒன்றை வைத்து, வாட் கணக்கில் பயிற்சி செய்ய விரும்புகிறேன்.

என்னிடம் இரண்டு சைக்கிள்கள் உள்ளன. ஒன்று கார்பன் ரோடு பைக். மற்றொன்று பழைய ஸ்டீல் ஃபிரேம் கொண்ட நெடும்பயண வண்டி. இரண்டின் கிராங்கும் (பெடலைத் தாங்கும் கை) வெவ்வேறு வகை, பெடல்களும் வெவ்வேறு வகை. ஆகவே கிராங்கிலோ பெடலிலோ பொருத்தும் மீட்டரை வாங்கினால் ஒரு வண்டிக்குத்தான் பயன்படும். இந்நிலையில் தெரிந்தவர் ஒருவர், வெலோகாம்ப் நிறுவனத்தின் பவர்பாட் கருவியைக் குறைந்த விலைக்குத் தர முன்வந்துள்ளார். ஆனால் பெடலையும் கிராங்கையும் தொடாமல் ஹேண்டில்பாருக்கு அடியில் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பெட்டி, என் கால் கொடுக்கும் சக்தியை எவ்வாறு அறிகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. ஏற்றத்தில் அதன் எண்களை நம்பலாமா? ஜூன், ஜூலை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றில் அது தாக்குப்பிடிக்குமா? ஒரு வண்டியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்வது உண்மையிலேயே எளிதா? பயன்படுத்தியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

விசையும்வேகமும்:

அந்தப் பெட்டிக்கு உங்கள் காலைப் பற்றி எதுவும் தெரியாது. அது அளப்பது உங்களை எதிர்க்கும் விசைகளை மட்டுமே. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியை வைத்து, எதிர்ப்பு முழுவதையும் கூட்டி வேகத்தால் பெருக்கினால் நீங்கள் செலுத்தும் சக்தி கிடைத்துவிடும் என்பதே அதன் அடிப்படை.

எதிர்ப்புகள் நான்கு: காற்று, ஏற்றத்தில் புவியீர்ப்பு, டயர் உருள்வதில் ஏற்படும் இழப்பு, வேகத்தைக் கூட்டும்போது உடலும் வண்டியும் காட்டும் நிலைமம். காற்றின் அழுத்தத்தைப் பெட்டியின் முன்புறமுள்ள சிறு துளை அறிகிறது. சாலையின் சரிவையும் வேகமாற்றத்தையும் உள்ளே உள்ள முடுக்கமானி அறிகிறது. வேகம், சக்கரத்தில் தனியாகப் பொருத்திய ஸ்பீடு சென்சாரிலிருந்து வருகிறது. எடை, டயர், நீங்கள் உட்காரும் நிலை ஆகியவற்றை அது அளப்பதில்லை. நீங்கள் சொன்னதையும் முதல் ஓட்டத்தில் கேலிபரேஷனின்போது (கருவியை உங்களுக்கேற்பச் சரிசெய்யும்போது) கணித்ததையும் அப்படியே நம்பிக்கொள்கிறது. பின்னால் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் இந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன.

இந்த முறை கற்பனைக் கணக்கு அன்று. ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் 1986-இல் தொடங்கிய எஸ்ஆர்எம் நிறுவனம், கிராங்கில் ஸ்ட்ரெய்ன் கேஜ் (உலோகம் வளைவதை அறியும் மெல்லிய உணரி) ஒட்டி நேரடியாக விசையை அளக்கும் வழியைக் கொண்டுவந்தது. அதே எஸ்ஆர்எம் கிராங்கை வைத்து ஜிம் மார்ட்டின், ஆண்ட்ரூ கோகன் உள்ளிட்டோர் 1998-இல் ஒரு ஆய்வை வெளியிட்டனர். எதிர்ப்பு விசைகளிலிருந்து கணக்கிட்ட சக்திக்கும் கிராங்க் காட்டிய சக்திக்கும் இடையிலான திட்டப்பிழை 2.7 வாட் மட்டுமே என்று அதில் கண்டார்கள். ஆனால் அவர்கள் காற்று எதிர்ப்பைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்திருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. சமன்பாட்டில் குறையில்லை; அதற்குள் நாம் இடும் எண்கள்தாம் பிரச்சினை.

உங்கள் கோத்தகிரி ஏற்றத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். நீங்களும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றும், 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் செல்கிறீர்கள் என்றும் கொள்வோம். புவியீர்ப்புக்கு எதிராக ஏறத்தாழ 163 வாட், டயருக்கு 16 வாட், காற்றுக்கு 15 வாட். செயினில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் 200 வாட் அளவில் வந்து நிற்கும். மொத்தத்தில் ஐந்தில் நான்கு பங்கு எடையும் சரிவும் மட்டுமே. எடையை நீங்கள் சரியாகச் சொல்லலாம். சரிவைக் கருவி சரியாக அறிந்தால் போதும்.

ஏற்றத்தில் நம்பலாமா என்ற கேள்விக்கு என் பதில்: ஆம், பெட்டி அசையாமல் இருக்கும்வரை நம்பலாம்.

சமவெளி:

ஓட்டங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் பதிவேற்றினாலே மதிப்பிட்ட வாட் அளவு இலவசமாகக் கிடைக்கிறதே. அதுவும் எடை, வேகம், சரிவு ஆகியவற்றைக் கொண்டு போடும் கணக்குத்தான். அப்படியிருக்க, அதே கணக்கைப் போடும் பெட்டிக்கு ஏன் பணம் கொடுக்க வேண்டும்? நான் சென்னையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறேன். அங்கே ஏற்றமே கிடையாது.

விசையும்வேகமும்:

சமவெளி அவர்களே, ஏற்றமே இல்லாத சாலையில்தான் இந்த இரண்டுக்கும் வேறுபாடு அதிகம். சமதளத்தில் மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் செல்ல, ஹூடில் (பிரேக் பிடிகளின் மேல்) கைவைத்து அமரும் ஒருவருக்குக் காற்று எதிர்ப்பு மட்டும் 210 வாட் அளவில் இருக்கும். எதிர்க்காற்று விநாடிக்கு 3 மீட்டர், அதாவது மணிக்கு 11 கி.மீ. அளவில் வீசினால் அதே வேகத்துக்கு 355 வாட் தேவைப்படும். மர இலைகள் சலசலக்கும் அளவுக் காற்றுத்தான் அது. ஸ்ட்ராவாவின் மதிப்பீட்டுக்குக் காற்று தெரியாது. இரண்டு நாட்களுக்கும் ஒரே எண்ணைத் தரும். பெட்டியில் உள்ள துளை அந்த வேறுபாட்டை நேரடியாக உணர்கிறது. வேறொருவருக்குப் பின்னால் ஒண்டிச் செல்லும்போது உங்கள் மீது படும் காற்று குறைவதையும் அது உணர்கிறது.

இந்தத் துளை பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பிட்டோ 18-ஆம் நூற்றாண்டில் ஆற்று நீரின் வேகத்தை அளக்க உருவாக்கிய குழாயின் வழித்தோன்றல். விமானங்களின் வேகமும் இந்த வழியில்தான் அளக்கப்படுகிறது. ஆனால் விமானத்துக்குக் கிடைக்கும் அழுத்தம் நமக்குக் கிடைப்பதில்லை. 36 கி.மீ. வேகத்தில் துளையில் உண்டாகும் கூடுதல் அழுத்தம் 60 பாஸ்கல்தான்; அதாவது 6 மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம். இவ்வளவு சிறிய ஒன்றை அளக்கும் துளைக்கு முன்னால் ஒரு கேபிள் தொங்கினாலும் கணக்கு மாறும்.

பயிற்சிக்குறிப்பு:

நான் சிலருக்குப் பயிற்சித் திட்டம் வகுத்துக் கொடுப்பவள். இவ்வகைக் கருவியையும் பெடல் மீட்டரையும் ஒரே வண்டியில் பொருத்தி ஓட்டியும் பார்த்திருக்கிறேன். இயற்பியல் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைச் சேர்க்கிறேன்.

முதலாவது, உட்காரும் நிலை. கேலிபரேஷனின்போது ஹூடில் கைவைத்து ஓட்டியிருந்தால், கருவி அந்த நிலைக்கான காற்று எதிர்ப்பையே எப்போதும் எடுத்துக்கொள்ளும். டிராப்ஸில் (ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியில்) குனிந்தவுடன் உங்கள் முகப்புப் பரப்பு சுருங்குகிறது. உண்மையில் 210 வாட் வேண்டியிருந்த இடத்தில் 180 போதும். கருவியோ 210 என்றே காட்டிக்கொண்டிருக்கும். குனிந்து ஓட்டுபவருக்குப் பொய்யான பெருமையும், நிமிர்ந்து அமர்ந்து சளைத்துப்போனவருக்குக் குறைவான எண்ணும் கிடைக்கும். பயிற்றுநருக்கு இது தலைவலி; ஏனெனில் களைப்பு தெரிய வேண்டிய இடத்தில் எண் தவறாகப் பேசுகிறது.

இரண்டாவது, ஸ்பிரிண்ட். எழுந்து நின்று வண்டியை இருபுறமும் ஆட்டி மிதிக்கும்போது முடுக்கமானிக்குக் குழப்பம் ஏற்படுகிறது. ஐந்து விநாடி உச்ச சக்தியைப் பற்றி அறிய விரும்புபவர் இந்தக் கருவியை வாங்கக் கூடாது. அவர்களுக்குக் கிராங்கோ பெடலோதான் சரி.

மூன்றாவது, பிரேக். வளைவில் மெதுவாகப் பிரேக் பிடித்துக்கொண்டே மிதித்தால், அந்த வேகக் குறைவைக் கருவி உங்கள் சக்திக் குறைவாகவே படிக்கும். கேடன்ஸ் சென்சார் (மிதிக்கும் வேகத்தை அறிவது) இருந்தால், மிதிக்காதபோது எண்ணைச் சுழியமாக்க அது உதவும்; மிதித்துக்கொண்டே பிடிக்கும் பிரேக்குக்கு அதனிடமும் பதில் இல்லை. வீட்டுக்குள் டிரெய்னரில் (சைக்கிளை நிறுத்திவைத்து மிதிக்கும் சாதனத்தில்) ஓட்டும்போதும் முகத்தில் காற்றுப் படாததாலும் வண்டி நகராததாலும் இந்த முறைக்கே வேலையில்லை.

இவ்வளவு குறை சொன்னாலும், மேற்குமலைக்கு இதை வாங்கச் சொல்லியே பரிந்துரைப்பேன். பயிற்சிக்குத் தேவையானது மாறாத அளவுகோல். எண் எப்போதும் பத்து வாட் கூடுதலாகவே காட்டினாலும் கவலையில்லை. உங்கள் பயிற்சி மண்டலங்களையும் (எளிது, கடினம் என்று பிரிக்கும் வாட் வரம்புகள்) அதே கருவியால்தான் வகுக்கப் போகிறீர்கள்.

விசையும்வேகமும்:

கடைசிப் பத்தியில் எனக்கு மறுப்பு உண்டு. பிழை நிலையானதாக இருந்தால் உங்கள் வாதம் முழுமையாகச் செல்லுபடியாகும். ஸ்ட்ரெய்ன் கேஜ் கருவியில் பிழை பெரும்பாலும் கருவிக்குள்ளேயே இருக்கிறது: வெப்பநிலை மாறினால் சற்று நகரும், ஓட்டத்துக்கு முன் சுழியமாக்கினால் பெருமளவு சரியாகிவிடும். எதிர்ப்பை அளக்கும் கருவியில் பிழை சாலையில் இருக்கிறது, உடலில் இருக்கிறது, டயரில் இருக்கிறது. ஆகவே அது இடத்துக்கு இடம் மாறும்.

ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். நல்ல தார்ச் சாலையில் டயரின் உருள் எதிர்ப்புக் கெழு 0.005 என்றால், சல்லி பெயர்ந்த கிராமச் சாலையில் 0.008 வரை போகலாம். 80 கிலோவுக்கு மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இந்த வேறுபாடு மட்டும் 20 வாட். கருவி அதை அறியாது. புறவழிச் சாலையிலிருந்து இறங்கி ஊருக்குள் திரும்பியவுடன் நீங்கள் கூடுதலாக உழைப்பீர்கள், எண்ணோ கூடாது. ஒரே ஓட்டத்துக்குள் அளவுகோல் நீண்டும் சுருங்கியும் போனால் அதை மாறாத அளவுகோல் என்று எப்படிச் சொல்வது?

பெட்டியின் சாய்வு இதைவிடவும் பெரியது. சரிவை அளப்பதில் 0.1 சதவீதப் பிழை ஏற்பட்டால் 36 கி.மீ. வேகத்தில் 8 வாட் தவறும். ஹேண்டில்பார் கிளாம்ப் தளர்ந்து பெட்டி அரை டிகிரி சாய்ந்தால் அது ஏறத்தாழ 0.9 சதவீதச் சரிவுக்குச் சமம். பிழை 70 வாட்டை நெருங்கும். அரை டிகிரியைக் கண்ணால் காண முடியாது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதிலேயே இது நடந்துவிடலாம்.

பயிற்சிக்குறிப்பு:

ஏற்கிறேன், ஆனால் மற்ற கருவிகளை நீங்கள் சற்றுத் தாராளமாக மதிப்பிடுகிறீர்கள். இன்று பலர் வைத்திருப்பது இடது கிராங்கில் மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் மீட்டர். இடது கால் 48, வலது கால் 52 என்று பங்கிடும் ஒருவருக்கு அது 4 சதவீதம் குறைத்துக் காட்டும். களைத்தபின் அந்தப் பங்கீடு மாறுவதையும், அதிக விசையில் ஒருவிதமாகவும் குறைந்த விசையில் வேறுவிதமாகவும் இருப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கேயும் பிழை நிலையானதன்று. உடலுக்குள் ஒளிந்திருப்பதால் நாம் கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

மேற்குமலை கேட்டது ஒரே ஒரு ஏற்றத்தைப் பற்றி. அங்கே சாலை ஒன்றுதான், டயர் ஒன்றுதான், வேகம் குறைவு, காற்றுப் பங்கு 15 வாட் மட்டுமே. அவர் ஏற்றத்தில் கைநிலையை மாற்றினாலும் இரண்டு வாட்டுக்கு மேல் வேறுபாடு வராது. நீங்கள் பட்டியலிட்ட பிழைகளில் சாய்வைத் தவிர மற்றவை அந்தச் சாலையில் ஏறத்தாழ அடங்கிவிடுகின்றன.

விசையும்வேகமும்:

அப்படிச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சாய்வு மிச்சமிருக்கிறதே, 15 கி.மீ. வேகத்திலும் அரை டிகிரி 28 வாட்டைக் கெடுக்கும். 200 வாட்டில் 28 என்பது பயிற்சி மண்டலத்தையே மாற்றிவிடும்.

நெடுஞ்சாலைப்பயணி:

இருவரும் ரோடு பைக்கை மனதில் வைத்தே பேசுகிறீர்கள். மேற்குமலையிடம் நெடும்பயண வண்டியும் இருப்பதால் பிரெவே (நேர வரம்புள்ள நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுபவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

200 கி.மீ. பிரெவேக்கு பதின்மூன்றரை மணி நேரமும், 600 கி.மீ. பிரெவேக்கு 40 மணி நேரமும் வரம்பு. அந்த நீளத்தில் ஹேண்டில்பார் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: முன்விளக்கு இரண்டு, கணினி ஒன்று, கைபேசித் தாங்கி, அதற்குக் கீழே மழைச்சட்டையும் உணவும் அடைத்த பை. பெட்டியின் துளைக்குச் சுத்தமான காற்று கிடைக்க இடமே இல்லை. முன்பையைக் கட்டிய பிறகு கேலிபரேஷன் செய்தால் அந்தப் பையையும் சேர்த்தே கருவி கற்றுக்கொள்ளும் என்று ஒரு வாதம் உண்டு. பை வழியில் பாதியாகச் சுருங்கும், சாய்ந்து ஆடும். அதனால் எனக்கு அந்த வாதத்தில் நம்பிக்கை இல்லை.

எடையும் மாறிக்கொண்டே இருக்கும். முக்கால் லிட்டர் பாட்டில்கள் இரண்டை நிரப்பினால் ஒன்றரைக் கிலோ. உணவும் மாற்றுடையும் சேர்த்தால் புறப்படும்போதைய எடைக்கும் முடிக்கும்போதைய எடைக்கும் இடையே இரண்டு மூன்று கிலோ வேறுபடும். மேலே போட்ட ஏற்றக் கணக்கில் இரண்டு கிலோ என்பது நாலரை வாட். இதை நான் பொருட்படுத்துவதில்லை. ஆனால் சைக்கிளின் எடையை மட்டும் பதிந்துவிட்டுப் பைகளை மறந்துவிடுபவர்கள் உண்டு.

மழைதான் பெரும் தொல்லை. துளையில் ஒரு நீர்த்துளி அடைத்துக்கொண்டால் காற்றழுத்தம் தெரியாமல் போகும். ஆறு மில்லிமீட்டர் நீரின் அழுத்தத்தை அளக்கும் துளைக்கு ஒரு துளி எவ்வளவு பெரியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சென்னை, கடலூர்ப் பக்கம் ஓட்டுபவர்கள் அந்த நாட்களின் எண்களை அழித்துவிடலாம்.

இன்னொரு சிறு செய்தி: ரோடு பைக்கில் 25 மில்லிமீட்டர் டயரும் மற்றதில் 28 மில்லிமீட்டரும் இருந்தால் சக்கரச் சுற்றளவு 2105-இலிருந்து 2136 மில்லிமீட்டராகிறது, ஒன்றரை சதவீதம். கருவியை மாற்றும்போது இதையும் மாற்றாவிட்டால் வேகமே தவறாகத் தொடங்கும். ஆகவே மாற்றிப் பொருத்துவது எளிது. ஒவ்வொரு வண்டிக்கும் எடை, டயர், கேலிபரேஷன் ஆகியவற்றைத் தனியாக வைத்துக்கொள்ளும் ஒழுக்கம்தான் கடினம்.

சமவெளி:

மலையைப் பற்றி ஒரு சந்தேகம். கடல்மட்டத்தில் கேலிபரேஷன் செய்துவிட்டு ஊட்டிக்குக் கொண்டுபோனால், அங்கே காற்றின் அடர்த்தி குறைவாக இருப்பதால் கணக்கு முழுவதும் தவறிவிடாதா? நம் ஊர் வெப்பத்தில் ஒரு கனமீட்டர்க் காற்று 1.16 கிலோ அளவில் இருக்கும்; 2,200 மீட்டருக்கு மேல் அது ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும் என்று படித்தேன்.

விசையும்வேகமும்:

நல்ல கேள்வி, எண்களும் சரி. ஆனால் இந்த இடத்தில்தான் துளையின் அழகு இருக்கிறது. அது அளப்பது காற்றின் வேகத்தையன்று, அழுத்தத்தை. அடர்த்தி குறைந்தால் அதே வேகத்தில் அழுத்தமும் அதே விகிதத்தில் குறையும்; உங்கள் உடலின் மீது படும் எதிர்ப்பும் அவ்வாறே குறையும். அழுத்தத்தைப் பரப்புக்குரிய கெழுவால் பெருக்கினால் எதிர்ப்பு விசை நேரடியாகக் கிடைத்துவிடுகிறது. நடுவில் அடர்த்தியைத் தனியாக அறிய வேண்டிய தேவையே இல்லை. மலையில் தவறு செய்யக்கூடியவை, அடர்த்தியைக் கடல்மட்ட அளவிலேயே வைத்துக் கணக்கிடும் மென்பொருள்கள்தாம்.

மேற்குமலை கேட்ட கணவாய்க் காற்றுக்கு இன்னும் பதில் வரவில்லை என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தென்மேற்குப் பருவத்தில் அந்தக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. நீங்கள் பாலக்காட்டை நோக்கிச் சென்றால் அது நேர் எதிர்க்காற்று. துளைக்கு ஏற்ற சூழல், எண் நம்பகமாக இருக்கும். பொள்ளாச்சிச் சாலையிலோ மேட்டுப்பாளையம் சாலையிலோ ஓட்டினால் அது பக்கவாட்டுக் காற்று. நீங்கள் 30 கி.மீ. வேகத்தில் செல்லும்போது 20 கி.மீ. வேகத்தில் பக்கத்திலிருந்து வீசினால், இரண்டும் சேர்ந்த காற்று 30 டிகிரிக்கும் மேல் சாய்ந்து வந்து படும். முன்னோக்கிய துளை சிறிய கோணங்களில் சரியாகவே அளக்கும். அவ்வளவு சாய்ந்த காற்றில் நம்பிக்கை குறைகிறது. போதாதற்கு, சாய்ந்த காற்றில் உங்கள் உடலின் எதிர்ப்புக் கெழுவும் மாறுகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பிற்பகலில் வீசும் கடற்காற்றுக்கும் இதே நிலைதான்.

மேற்குமலை:

விளக்கங்களுக்கு மிக்க நன்றி. இரண்டு தொடர் கேள்விகள் உண்டு. பெட்டி சாய்ந்துவிட்டதா என்பதை ஓட்டத்துக்குப் பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? மேலும், பின்னாளில் ரோடு பைக்குக்குப் பெடல் மீட்டர் வாங்கினால் இந்தக் கருவி வீணாகிவிடுமா? அப்படியானால் இப்போதே பணத்தைச் சேர்த்துப் பெடலையே வாங்கிவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

விசையும்வேகமும்:

முதல் கேள்விக்கு: புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வாருங்கள். கருவி பதிந்த சரிவுகளை எல்லாம் கூட்டினால், தொடங்கிய உயரமும் முடித்த உயரமும் ஒன்றாக வர வேண்டும். முடியும் இடம் தொடங்கிய இடத்தைவிட நூறு மீட்டர் உயரம் என்று காட்டினால் பெட்டி மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று பொருள். கோத்தகிரி போய் மேட்டுப்பாளையத்துக்கே இறங்கி வருவதால் உங்களுக்கு இந்தச் சோதனை ஒவ்வொரு ஞாயிறும் கூலியில்லாமல் கிடைக்கும். கிளாம்ப்புக்கும் ஹேண்டில்பாருக்கும் குறுக்கே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைப்பது கூடுதல் பாதுகாப்பு. அரை டிகிரி நகர்வைக் கண் தனியாகக் காணாது, கோடு முறிந்தால் காணும்.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. பெடல் மீட்டர் வந்தபிறகு இந்தப் பெட்டி வீணாகாது. அப்போதுதான் அதற்கு வேறு வேலை தொடங்கும். பெடல் உங்கள் சக்தியைச் சொல்கிறது. சரிவு, எடை, வேகமாற்றம், காற்றழுத்தம் ஆகியவை பெட்டிக்குத் தெரியும். டயருக்கு ஓர் எண்ணை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தால், எஞ்சுவது உங்கள் உடலின் காற்று எதிர்ப்புக் கெழு. முன்பு கருவி அனுமானித்த எண் இப்போது அளக்கப்படும் எண்ணாக மாறுகிறது. வெலோகாம்ப் 2018-இல் கொண்டுவந்த ஏரோபாட் இதற்கென்றே உருவானது. ஹெல்மெட்டை மாற்றினால் என்ன ஆகிறது, ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைத் தாங்கும் பகுதி) ஒரு சென்டிமீட்டர் தாழ்த்தினால் என்ன ஆகிறது என்பதையெல்லாம் சாலையிலேயே பார்க்கலாம்.

துளையுள்ள கருவி இல்லாமலும் இதைச் செய்ய ஒரு வழி உண்டு. ராபர்ட் சங் என்பவர் வகுத்த மெய்நிகர் உயர முறையில், ஒரே சுற்றைப் பலமுறை ஓட்டி, சக்தியிலிருந்தும் வேகத்திலிருந்தும் சாலையின் உயரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் அதே மேடு அதே உயரத்தில் வரும்வரை காற்று எதிர்ப்புக் கெழுவை மாற்றிப் பார்ப்பார்கள். இலவச மென்பொருளான கோல்டன் சீட்டாவில் ஏரோலேப் என்ற பகுதியில் இதைச் செய்யலாம். அதற்குக் காற்றில்லாத விடியற்காலை வேண்டும். பெட்டி இருந்தால் அந்தக் கட்டாயம் தளரும்.

பயிற்சிக்குறிப்பு:

விலையைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனெனில் காலம் மாறிவிட்டது. கார்மினின் வெக்டர் பெடல் 2013-இல் 1,699 டாலருக்கு வந்தது. அதே காலத்தில் ஸ்டேஜஸ் நிறுவனத்தின் இடது கிராங்க் 699 டாலரில் தொடங்கியது. 2015-இல் பவர்பாட் 299 டாலருக்கு வந்தபோது அந்த விலைக்கு வேறெதுவும் இல்லை. குறைகளோடு ஏற்றுக்கொள்ள அதுவே போதுமான காரணமாக இருந்தது. இன்று மேஜீன் போன்ற சீன நிறுவனங்கள் கிராங்க் மீட்டரின் விலையை வெகுவாகக் குறைத்துவிட்டன. ஆகவே ஒரே வண்டி வைத்திருப்பவர், புதிய கருவி வாங்குபவர், விலைக்காக மட்டும் ஹேண்டில்பார் வகையைத் தேர்ந்தெடுப்பதில் இப்போது பொருளில்லை. சமவெளி போன்று சமதளத்தில் மட்டும் ஓட்டுபவருக்கும் கிராங்கையே சொல்வேன்.

மேற்குமலையின் நிலை வேறு. இரண்டு வண்டிகள், பொருந்தாத கிராங்குகள், ஞாயிறுதோறும் ஏற்றம், குறைந்த விலைக்குப் பழைய கருவி. வாங்குங்கள். ஆனால் 20 நிமிடச் சோதனையைக் கோத்தகிரி ஏற்றத்திலேயே செய்யுங்கள்; அதன் சராசரியில் 95 சதவீதத்தை உங்கள் வரம்புச் சக்தியாக (ஏறத்தாழ ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய வாட்) எடுத்துக்கொண்டு, அந்த எண்ணை ஏற்றத்தில் செய்யும் பயிற்சிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். வார நாட்களில் நகரச் சாலையில் ஓட்டும்போது இதயத்துடிப்பையே பாருங்கள். வாட் எண் திரையில் இருந்தால் அதைத் துரத்தத் தோன்றும் என்பதால் அந்தப் பக்கத்தையே மறைத்துவிடுவது நல்லது.

மேற்குமலை:

அவ்வாறே செய்கிறேன். பிரெவே வண்டிக்கு மாற்றும் எண்ணத்தை நெடுஞ்சாலைப்பயணி அண்ணன் சொன்னபின் கைவிட்டுவிட்டேன். பழைய கருவியை வாங்கும்போது எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

நெடுஞ்சாலைப்பயணி:

மவுன்ட்டைக் (பெட்டியை ஹேண்டில்பாரில் பொருத்தும் தாங்கி) கேட்டு வாங்குங்கள். பெட்டியை மட்டும் கொடுத்துவிட்டு மவுன்ட்டை மறந்துவிடுபவர்கள் அதிகம். வேறு கிளாம்ப்பை ஒட்டவைத்துப் பயன்படுத்தினால் மேலே பேசிய சாய்வுச் சிக்கல் முதல் நாளிலேயே வந்துவிடும். துளைக்குள் மண்ணோ வியர்வை உப்போ படிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்; ஊசியால் குத்திச் சுத்தம் செய்யாதீர்கள், உள்ளே சென்சார் இருக்கிறது. உங்கள் ஸ்பீடு சென்சார் ஆன்ட் பிளஸ் (சைக்கிள் கருவிகள் பேசிக்கொள்ளும் ஒரு கம்பியில்லா முறை) வகையா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். புளூடூத் மட்டும் உள்ளதாக இருந்தால் கருவியோடு பேசாது. கடைசியாக, அதை மேசை மீது வைத்து இயக்கிவிட்டு, துளைக்கு நேராகச் சற்றுத் தள்ளி மெல்ல ஊதிப் பாருங்கள். காற்றைக் காட்டும் எண் (சக்கரம் சுழலாததால் வாட் அன்று) அசைந்து, ஊதுவதை நிறுத்தியதும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பாமல் நின்றால் எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.